இரண்டு சாட்சிகள்

ராயபுரம்,
8 ஜூலை 1951

அன்புள்ள அக்காவுக்கு,

செல்வி எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே நானும், பெரியத்தானும் ஃப்ளோரன்ஸ் அக்காவும் வீட்டில் எல்லாரும் சுகம். தூத்துக்குடியில் நீயும் அத்தானும் சுகம்தானே? போன கடிதத்தில் தலைசுற்றல் என்று எழுதியிருந்தாய். டாக்டரிடம் காட்டினாயா?

பி.ஏ. கடைசி வருஷம் தொடங்கிவிட்டது. கல்லூரியில் சமூக சேவைக் குழு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அதில் சேர்ந்திருக்கிறேன். வரப்போகிற தேர்தலுக்கு எடுத்த ஓட்டர் பட்டியலில் நிறையப் பெண்கள் பேரே இல்லையாம். கேட்க வந்தவர்களிடம் 'இன்னார் சம்சாரம்' என்று மட்டும் சொல்லிவிட்டார்களாம், அது செல்லாதாம். அவர்களைப் பார்த்துப் பேர் கேட்டு மனு எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. என்னைத் திருவொற்றியூரில் ஒரு கடலை எண்ணெய் மில்லுக்கு அனுப்பினார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் கேட் ஓரம் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியிடம் பேர் கேட்டேன்.

"எம்பேரு இன்னாத்துக்கு? சுப்பராயன் சம்சாரம்னு எழிதிக்கோ. போஸ்ட்மேனுக்கே அது போதும்" என்றாள்.

"ஓட்டு அவருக்கு இல்லை, உங்களுக்கு" என்றேன். கையிலிருந்த சோற்றைக் கீழே வைத்தாள். பிறகு தெருவுக்கே கேட்கிறமாதிரி, "கெங்கம்மா!" என்றாள்.

அதற்குள் மேஸ்திரி வந்துவிட்டான். "யூனியனுக்குப் பேரு குட்த்துகினு கீறியா?" என்று முடிச்சுப் போட்ட கயிற்றால் அவள் வாயிலேயே அடித்தான். ஒரு பல் மண்ணில் விழுந்தது. அவள் ரத்தத்தைத் துப்பிவிட்டு என்னிடம், "எழிதிட்டியா? இன்னொருக்கா சொல்லணுமா?" என்று கேட்டாள்.

அவள் புருஷன் சுப்பராயன்தான் அங்கே யூனியன் காரியதரிசி. ஓர் ஓலைக் கொட்டகைதான் ஆபீஸ். சனிக்கிழமைகளில் வந்து மனு எழுதித் தரமுடியுமா என்று கேட்டார். சரி என்றேன். பெரியத்தானிடம் சொல்லவில்லை. அத்தான் அவர் கூடப் பிறந்த தம்பியாயிற்றே, நீயும் அத்தானிடம் சொல்லிவிடாதே.

உன் அன்புத் தங்கை,
ஞானசெல்வி

* * *

தூத்துக்குடி,
21 ஜூலை 1951

அன்புள்ள செல்விக்கு,

அக்கா எழுதுவது. இங்கே சுகம். உன் உடம்பைக் கவனித்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு.

தலைசுற்றல் என்னவென்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துக் கர்த்தர் கண் திறந்திருக்கிறார். மாசிக்குள் நீ சித்தியாகிவிடுவாய். அம்மா இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள்.

உன் கடிதத்தைப் படித்தேன். பேர் எழுதுகிறதோடு நிறுத்திக்கொள். ராசையா அண்ணாச்சி உன்னைத் தன் வீட்டில் வைத்துப் படிக்கவைக்கிறார்கள், அதை மறந்துவிடாதே. உன் அத்தானுக்கு வியாபாரத்தில் ஏதோ கஷ்டம், சட்டென்று கோபம் வருகிறது. நேற்று என் கையில் இரண்டு வளையல் உடைந்துவிட்டது. கதவில் இடித்துக்கொண்டேன். வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
சுகிர்தம்

* * *

ராயபுரம்,
2 செப்டம்பர் 1951

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா? வாந்தி நின்றதா? பிள்ளையை நினைத்தாவது மாடிப்படி ஏறாதே.

தலையில் கட்டோடு எழுதுகிறேன், பயப்படாதே. நாலு தையல்தான். வேறு யாராவது எழுதி நீ கேள்விப்படுமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் மில்லில் பூவம்மா என்று ஒரு பெண்ணின் சேலைத் தலைப்பு இயந்திரத்தின் பெல்ட்டில் சிக்கி, உள்ளே இழுத்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் கத்தியும் இயந்திரத்தை நிறுத்தவில்லை. மேஸ்திரி, நிறுத்தலாமா என்று மேலே கேட்டு வரப் போனானாம். அவன் திரும்பி வந்தபோது எடுக்க உடம்பே இல்லை அக்கா. சாக்கில் அள்ளினார்கள். சாயங்காலம் அதே இயந்திரத்தை ஓட்டச் சொன்னார்கள். பெண்கள் மாட்டோம் என்று வெளியே வந்து கேட்டை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். நானும் உட்கார்ந்தேன்.

நாலாம் நாள் ஒரு லாரி வந்தது. அதிலிருந்து தடியோடு ஆட்கள் குதித்தார்கள். வயது, பிள்ளைத்தாய்ச்சி எதையும் பார்க்கவில்லை. ஒரு கிழவியின் முழங்காலை அடித்து நொறுக்கியதைக் கண்ணால் பார்த்தேன். அவளை இழுக்கக் குனிந்தபோதுதான் எனக்கு மண்டையில் விழுந்தது.

அந்த லாரி பெரியத்தானுடையது. தடி ஆட்களுக்கு முன்னால் நின்றவன் மண்ணாங்கட்டி. பெரியத்தானிடம் மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு அவன்தான் தலைவன். தினமும் மத்தியானம் பெரியத்தான் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து ஃப்ளோரன்ஸ் அக்கா கையால் சோறு வாங்கிச் சாப்பிடுகிறவன். மில்லுக்கு மூட்டை ஏற்றி இறக்கும் காண்டிராக்ட் பெரியத்தானுக்குத்தான் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

வீட்டில் பஸ்ஸிலிருந்து விழுந்தேன் என்று சொன்னேன். பெரியத்தான் கட்டைப் பார்த்துவிட்டு, "இனி அந்தப் பக்கத்து பஸ்ஸுல ஏறாதே" என்றார். அவ்வளவுதான்.

உன்,
செல்வி

* * *

தூத்துக்குடி,
26 செப்டம்பர் 1951

அன்புள்ள செல்விக்கு,

தையல் ஆறிவிட்டதா? காய்ச்சல் ஏதும் இல்லையே? எனக்குச் சுகம். பிள்ளை அசைகிறது.

உன் கடிதத்தை எனக்கு முன்னால் உன் அத்தான் பிரித்துப் படித்துவிட்டார். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு வேறு காரணம் இல்லை. நாலைந்து நாள் காய்ச்சலில் படுத்திருந்தேன், இப்போது சரியாகிவிட்டது.

இனிமேல் எனக்கு எழுதுவதைப் பக்கத்து வீட்டு ஷரீஃபுன்னிசா அக்கா பேருக்கு அனுப்பு. கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்தக் கேட்டுப் பக்கம் போகாதே என்று சொன்னால் கேட்பாயா? கேட்கமாட்டாய். சின்னதிலேயே நீ அப்படித்தான். கர்த்தர் உன்னைக் காக்கட்டும்.

சுகிர்தம்

* * *

திருவொற்றியூர்,
18 நவம்பர் 1951

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் பிள்ளையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். மேலே ஊர்ப் பேர் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். கெங்கம்மா குடிசையில் இருக்கிறேன்.

சுப்பராயனைக் கொன்றுவிட்டார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம், நல்ல வெளிச்சம். தேர்தலில் தொழிலாளர் சார்பாக நிற்கிறவருக்கு நோட்டீஸ் அச்சடித்து வாங்கிக்கொண்டு நானும் அவரும் ராயபுரம் ரயில்வே கேட்டில் நின்றோம். கேட் மூடியிருந்தது. சைக்கிள், மாட்டுவண்டி, ஏகப்பட்ட கூட்டம். மண்ணாங்கட்டி எதிரே வந்தான். "இன்னா நைனா, சௌக்கியமா?" என்று சிரித்தபடி கேட்டான். சுப்பராயனும் சிரித்தார். மூட்டை தூக்குகிற இரும்புக் கொக்கியை அவன் முதுகுப் பக்கம் வைத்திருந்தான். அதைக் கழுத்தில் மாட்டி இழுத்தான் அக்கா, மூட்டையை இழுக்கிறமாதிரியே. சுப்பராயன் என் மேல் சாய்ந்தார். கையிலிருந்த நோட்டீஸ் முழுக்க ரத்தம். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வாயிலிருந்து வரவில்லை, கழுத்திலிருந்து வந்தது.

அத்தனை கூட்டமும் கேட் திறந்ததும் போய்விட்டது. பார்த்தேன் என்று சொல்ல நான் ஒருத்திதான். போலீஸ் ஸ்டேஷனில் மண்ணாங்கட்டி பேரைச் சொல்லி வாக்குமூலம் கொடுத்தேன். காதிலிருந்து தோள் வரை அவனுக்குத் தீப்பட்ட தழும்பு உண்டு. அதையும் சொன்னேன். அன்றிலிருந்து அவனைக் காணோம்.

வீட்டுக்குப் போனால் பெரியத்தான் வாசலிலேயே நின்றார்.

"செல்வி, நீ ஒண்ணையும் காணல."

"கண்டேன் பெரியத்தான்."

"கூட்டத்துல யாரோ எவனோ. பொம்பளப்பிள்ளைக்கு மயக்கம் வந்திருக்கும். நாளைக்கு இன்ஸ்பெக்டர்ட்ட வந்து அப்படித்தான் சொல்லணும்."

"சொல்லமாட்டேன்."

கன்னத்தில் அறைந்தார். அதுவரை என்னை அவர் தொட்டதில்லை. பிறகு என் தலைமயிரைப் பிடித்துத் தெருவில் தள்ளினார். இரண்டு நாள் கழித்து ஃப்ளோரன்ஸ் அக்கா என் துணிமணியையும் புத்தகங்களையும் ரகசியமாக அனுப்பினார்கள்.

கெங்கம்மா அழவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். எனக்குச் சோறு மட்டும் ஆக்கிப் போடுகிறாள்.

செல்வி

* * *

தூத்துக்குடி,
25 நவம்பர் 1951

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ உயிரோடு இருப்பதற்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஒன்று மட்டும் எழுது. அந்தத் தழும்பு எந்தப் பக்கம்? வலதா, இடதா? உடனே எழுது.

இங்கே வேறு விசேஷம் இல்லை.

சுகிர்தம்

* * *

திருவொற்றியூர்,
30 நவம்பர் 1951

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமா? ஏழு மாதம் ஆகிறதே, கால் வீங்குகிறதா? அதையெல்லாம் எழுதாமல் தழும்பு எந்தப் பக்கம் என்று கேட்கிறாய். இடது பக்கம். எதற்குக் கேட்டாய்?

யூனியன் கொட்டகையைக் கொளுத்திவிட்டார்கள். உள்ளே படுத்திருந்த காவல்காரர் பாதி வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். நேற்று கல்லூரியிலிருந்து வரும்போது சைக்கிளில் வந்த ஒருவன், "சாட்சி சொல்ற நாக்கு இருக்காது" என்று சொல்லி என் மேல் எதையோ வீசினான். திராவகம். புத்தகத்தைக் குறுக்கே பிடித்ததால் முழங்கையில்தான் பட்டது. தோல் உரிந்திருக்கிறது.

சாகப் பயமாக இருக்கிறதா என்று நீ கேட்டால், இருக்கிறது. ஆனால் அதைவிட ஒரு பயம் உண்டு. நீ வாழ்கிற வீடு பெரியத்தான் தம்பியின் வீடு. நான் சொல்கிற சாட்சி உன் தலையில் விழும். பிள்ளையும் வரப்போகிறது. நீ ஒரு வார்த்தை எழுது. வாக்குமூலத்தை மாற்றிக்கொள்கிறேன். கெங்கம்மா முகத்தில் விழிக்காமல் ஊருக்கு வந்துவிடுகிறேன். உனக்காக அதைச் செய்வேன்.

செல்வி

* * *

தூத்துக்குடி,
9 டிசம்பர் 1951

ஞானசெல்விக்கு,

இவ்விடம் யாவரும் க்ஷேமம். நீ கொடுத்திருக்கும் வாக்குமூலம் பொய்யானது. தீயவர் சகவாசத்தால் அவ்விதம் கொடுத்தாய் என்று குடும்பத்தார் அறிவோம். உடனே போலீசாரிடம் சென்று அதை ரத்து செய்யவும். தவறினால் உனக்கு அக்காள் என்று ஒருத்தி இல்லையென்று எண்ணிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
சுகிர்தம்

* * *

தூத்துக்குடி,
4 ஜனவரி 1952

அன்பு மகள் செல்விக்கு,

பக்கத்து வீட்டு ஷரீஃபுன்னிசா எழுதுவது. அல்லா உன்னை நல்லபடியாக வைத்திருக்கணும். நீ அனுப்பிய மூன்று கடிதமும் தந்தியும் என்னிடம்தான் இருக்கின்றன. பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே அம்மா. என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

உன் அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உயிருக்கு இனிப் பயமில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். வலது கை இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது, அதனால் எழுத முடியாது. உன் அத்தானைப் போலீஸ் பிடித்துப் போயிருக்கிறது.

'அக்கா கடிதப்படி வாக்குமூலத்தை மாற்றப் போகிறேன், சம்மதமா' என்று தந்தி கொடுத்திருந்தாயே, அதைப் படித்துக் காட்டினேன். "மாத்தாதேன்னு சொல்லுங்கக்கா, மாத்தாதேன்னு சொல்லுங்க" என்றாள். அதற்குத்தான் அவசரமாக எழுதுகிறேன்.

பிள்ளையைப் பற்றி என்னிடம் கேட்காதே. அவளே எழுதுவாள்.

துஆவுடன்,
ஷரீஃபுன்னிசா

* * *

தூத்துக்குடி,
3 பிப்ரவரி 1952

அன்புள்ள செல்விக்கு,

இடது கையால் எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருக்கும். எனக்கு இப்போது சுகம் என்றே சொல்லலாம். உன் முழங்கை எப்படி இருக்கிறது?

இதுவரை நான் எழுதினதில் உண்மை பாதிதான். வளையல் கதவில் இடித்து உடையவில்லை. நாலைந்து நாள் படுத்திருந்தது காய்ச்சலால் இல்லை. உன் அத்தான் கல்யாணமான இரண்டாம் வருஷத்திலிருந்து கை நீட்டுகிறார். சொன்னால் நீ படிப்பை விட்டுவிட்டு வந்து நிற்பாய் என்று சொல்லவில்லை.

நவம்பரில் ராசையா அண்ணாச்சி ஓர் ஆளை அனுப்பினார்கள். வத்தல் மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் காவலுக்கு என்று உன் அத்தான் சொன்னார். வெளியே வரமாட்டான், அதனால் மூன்று வேளையும் நான்தான் சோறு கொண்டுபோவேன். என் வயிற்றைப் பார்த்து, "நீ நடக்காதக்கா, தட்டை அங்கயே வச்சிரு, நான் எடுத்துக்கறேன்" என்பான். நல்லவன் என்று நினைத்து மீன் கூட ஒரு துண்டு கூடுதலாக வைத்தேன். அப்போதுதான் தழும்பைப் பற்றிய உன் கடிதம் வந்தது. இவன் கழுத்திலும் இடது பக்கம் அப்படி ஒரு தழும்பு இருந்தது. தழும்பு இடது பக்கம் என்று நீ எழுதின பிறகும் மூன்று வாரம் அவனுக்குச் சோறு போட்டேன் செல்வி. மீன் துண்டையும் குறைக்கவில்லை. டிசம்பர் கடிதம் உன் அத்தான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினது. எழுதினது என் கைதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு கோயிலுக்குப் புறப்பட்டபோது, என் பிள்ளைக்குப் புதுச்சட்டை எடுக்கணும் என்று உன் அத்தான் சிரித்துப் பேசினார். எனக்கு என்னவோ தாங்கவில்லை. "அந்தக் கொலைகாரனை இன்னைக்கே வெளியே அனுப்புங்க. இல்லைன்னா போலீசுக்கு நானே போவேன்" என்றேன். தராசின் இரும்புக் கோலை எடுத்தார். முதல் அடியைக் கையால் தடுத்தேன், இரண்டாவதையும் தடுத்தேன். மூன்றாவதைத் தடுக்கக் கை எழும்பவில்லை. அது வயிற்றில் விழுந்தது. நான் விழுந்த பிறகும் நிறுத்தவில்லை.

பின்வாசல் வழியாக ஊர்ந்து ஷரீஃபுன்னிசா அக்கா வீட்டுக்குப் போனேன். அவர்கள் தம்பியிடம், "முதல்ல டாக்டரைக் கூப்பிடாதீங்க, போலீசைக் கூப்பிடுங்க" என்று சொன்னது நான்தான். டாக்டர் முதலில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். தெரியவில்லை. கிட்டங்கியில் அவனைப் பிடிக்கப் போன கான்ஸ்டபிள் ஒருவருக்குத் தோளில் அரிவாள் வெட்டு. ஆனாலும் பிடித்துவிட்டார்கள்.

பையன். மூக்கு நம் அப்பாவுக்கு இருந்தமாதிரி. அழவே இல்லை.

நீ பார்த்ததை நீ சொல். நான் பார்த்ததை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உன் அக்கா,
சுகிர்தம்

* * *

திருவொற்றியூர்,
29 ஜூன் 1952

அன்புள்ள அக்காவுக்கு,

கை எப்படி இருக்கிறது? ஷரீஃபுன்னிசா அக்கா வீட்டில் உனக்குக் குறை ஒன்றும் இருக்காது என்று தெரியும். அவர்களுக்கு என் வணக்கம்.

தீர்ப்பு வந்துவிட்டது. மண்ணாங்கட்டிக்கு ஆயுள் தண்டனை. எதிர்த்தரப்பு வக்கீல் என்னை ஒரு நாள் முழுக்க நிறுத்திக் கேட்டார். "கல்யாணமாகாத பெண், குடும்பத்தை விட்டு ஓடிவந்து கூலிக்காரர் குடிசையில் தங்குகிறீர். உம்முடைய வார்த்தையை யார் நம்புவது?" என்றார். "தங்குகிறேன். அந்தக் குடிசையில்தான் கொலையுண்டவரும் தங்கியிருந்தார்" என்றேன். நீ கொடுத்த சாட்சியத்தைக் கோர்ட்டில் முழுக்கப் படித்தார்கள்.

பெரியத்தான் மேல் வழக்கே இல்லை. மண்ணாங்கட்டி கடைசி வரை அவர் பேரைச் சொல்லவில்லை. கொலை நடந்த சாயங்காலம் பின்கட்டில் அவன் ரத்தம் கழுவ ஃப்ளோரன்ஸ் அக்காதான் தண்ணீர் ஊற்றினார்களாம். சந்தையில் என்னைப் பார்த்து அழுதுகொண்டே சொன்னார்கள். "கோர்ட்ல வந்து சொல்லுங்கக்கா" என்றேன். "சொன்னா நான் எங்கடி போவேன்?" என்றார்கள். தீர்ப்புக்கு மறுநாள் பெரியத்தானின் லாரி எங்கள் தெருவில் வந்து நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

தேர்தலில் எங்கள் ஆள் தோற்றுப்போனார். நான் பரீட்சையில் தேறிவிட்டேன். யூனியன் காரியதரிசியாகக் கெங்கம்மாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் என்னைத் துணைக்காரியதரிசியாக வைத்துக்கொண்டாள். மில்லில் இப்போது பெல்ட்டைச் சுற்றிக் கம்பிவலை அடித்திருக்கிறார்கள். ஒரு வருஷத்தில் நாங்கள் ஜெயித்தது அது ஒன்றுதான். அதற்கு ஆன விலையை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

நீ இங்கே வந்துவிடு அக்கா.

செல்வி

* * *

தூத்துக்குடி,
13 ஜூலை 1952

அன்புள்ள செல்விக்கு,

சுகம். நீயும் கெங்கம்மாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

உன் அத்தான் ஜாமீனில் வந்திருக்கிறார். புதன்கிழமை நம் சபைப் பாதிரி ஐயரைக் கூட்டிக்கொண்டு ஷரீஃபுன்னிசா அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். நான் சொன்னதை மாற்றிச் சொன்னால் வழக்கு நிற்காது என்று வக்கீல் சொல்லியிருக்கிறாராம். ஐயர் ஜெபம் பண்ணிவிட்டு, "நடந்தது நடந்துபோச்சு. மன்னிச்சு வீட்டுக்கு வாம்மா" என்றார்.

"மன்னிப்பு கேட்கட்டும் ஐயா. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்" என்றேன்.

உன் அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் காத்திருந்தேன். உண்மையாகவே காத்திருந்தேன் செல்வி. பிள்ளை என்று ஒரு சொல் சொன்னால் கூடப் போதும் என்று நினைத்தேன். வெகுநேரம் கழித்து, "வீடு கிடக்கிற கிடப்பைப் பாக்க முடியல. சோத்துக்குக் கஷ்டமா இருக்கு" என்றார்.

ஐயர்தான் முதலில் எழுந்தார். வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "உன் இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். உன் அத்தானும் பின்னால் போனார். வழக்குக்குக் கூப்பிட்டால் உன்னிடமிருந்து இங்கே வந்து சொல்லிவிட்டுத் திரும்புவேன்.

வெள்ளிக்கிழமை ரயிலில் புறப்படுகிறேன். வலது கை இனி முழுதாக மடங்காதாம், ஆனால் இடது கை எழுத்து இப்போது கோணல் இல்லை, பார்த்தாயா? உன் யூனியனில் எனக்கு ஏதாவது வேலை வைத்திரு. சும்மா உட்கார்ந்தால் நினைப்புத்தான் வரும்.

எழும்பூர் ஸ்டேஷனுக்கு நீ தனியாக வராதே. ராசையா அண்ணாச்சியின் ஆட்கள் வெளியேதான் இருக்கிறார்கள். நாலு பேராக வாருங்கள். திரும்பும்போது ஐந்து பேராகப் போவோம்.

உன் அக்கா,
சுகிர்தம்